இரண்டு கொப்பிகள்: மட்டக்களப்பிலிருந்து கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கும் விஞ்ஞான எழுத்துக்கும்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை போதாமல் போகும். பொறியியலுக்குப் புள்ளி காணுமா, எந்தக் கம்பஸை முதலாவதாகப் போடுவது என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகளும் தாய்தகப்பனும் வருவார்கள். போன வருசம் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து வந்த ஒரு தங்கச்சி எல்லாரும் எழும்பிப் போகும்வரை காத்திருந்து கேட்டாள்: "சேர், கருந்துளையப் பத்திக் கணக்குப் போடுறவங்களுக்கு ஆரு சம்பளம் குடுக்கிற? அதத் தமிழில எழுதினா ஆரு வாசிக்கிற?"

இரண்டும் நியாயமான கேள்விகள். வந்தாறுமூலையில் பௌதிகவியல் படித்து, இத்தனை வருசம் உயர்தரப் பிள்ளைகளுக்கு அதையே படிப்பித்து, தமிழில் விஞ்ஞானக் கட்டுரையும் எழுதி வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். அன்றைக்குச் சொன்னதையும் நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: வேலை இன்னதென்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் ஆய்வுகூடத்தில் கருவி பூட்டுகிறவர் அல்லர். இயற்கை இப்படித்தான் நடக்கிறது என்று கணிதத்தில் ஒரு வடிவம் அமைத்து, அது உண்மையென்றால் வேறு என்னென்ன நடக்கவேண்டும் என்று கணித்துப் பார்ப்பது அவருடைய தொழில். கடதாசி, பென்சில், ஒரு கணினி, எதிர்த்துப் பேச இரண்டு மூன்று பேர். இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். 1930 இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் மேற்படிப்புக்காக இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போனார். அப்போது வயது 19. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ள ஓர் எல்லை உண்டா என்ற கணக்கை அந்தப் பயணத்திலேயே போட்டார். சூரியனின் திணிவைப்போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போனால் அது வெண்குறளியாக, அதாவது சுருங்கி ஒடுங்கிய நட்சத்திர எச்சமாக, நிலைத்து நிற்க முடியாது என்று வந்தது. பெரிய ஆட்கள் அதை உடனே ஏற்கவில்லை. 1983 இல் நோபல் பரிசு கிடைத்தது.

சம்பளம் கொடுப்பவை பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிறுவனங்களும். அங்கே படிப்பிப்பதும் ஆராய்வதும் ஒன்றாகவே நடக்கும். வருசக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறப்புப் பட்டத்துக்கு 4 வருசம், முதுமாணிக்கு 1 அல்லது 2, கலாநிதிப் பட்டத்துக்கு 4 முதல் 6, அதன்பின் தற்காலிக ஆய்வாளராக இரண்டிரண்டு வருசமாக ஒன்றிரண்டு இடம். நிரந்தர வேலை கையில் வரும்போது 35 வயதைத் தொட்டுவிடலாம். கலாநிதிப் பட்டம் முடிக்கும் எல்லாருக்கும் அந்த வேலை கிடைப்பதும் இல்லை. பலர் மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, வங்கி என்று போகிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்துத் தம்பி தங்கச்சி இருந்தால், இந்தக் கணக்கை அம்மா அப்பாவுடன் குந்தியிருந்து பேசிவிட்டு இறங்குங்கள்.

விஞ்ஞான எழுத்து வேறு கணக்கு. தமிழில் விஞ்ஞானம் எழுதி மட்டும் குடும்பம் நடத்தலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உலகறிந்தவர்களும் துறையில் கால் ஊன்றிய பிறகே பொதுமக்களுக்கான நூலுக்கு வந்தார்கள். ஸ்டீபன் ஹோக்கிங் கருந்துளைகள் கதிர்வீசும் என்று கணித்தது 1974 இல். காலத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது 1988 இல். ஆனால் இதிலிருந்து "முதலில் பேராசிரியராவோம், எழுத்தைப் பிறகு பார்ப்போம்" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்த முடிவு பிழை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எழுத்தை இன்றிரவே தொடங்கவேண்டும். ஏனென்று அடுத்த படியில் காட்டுகிறேன்.

படி 2: இரண்டு கொப்பி வாங்குங்கள்

கடையில் 200 பக்கக் கொப்பி இரண்டு. ஒன்று கணிப்புக் கொப்பி. அதில் தமிழோ ஆங்கிலமோ வேண்டாம், குறியீடும் எண்ணும் போதும். மற்றது சொல் கொப்பி. அன்றைக்குக் கணித்ததைச் சமன்பாடு ஒன்றுகூட இல்லாமல், ஓ.எல். படிக்கும் தங்கச்சிக்கு விளங்கும்படி தமிழில் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் எழுதவேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் விளங்காத இடம் எது என்பதே மறந்துபோகும்.

எப்படி என்று ஓர் உதாரணத்தைக் கிட்டவைத்துப் பார்ப்போம். நம்மூரிலிருந்தே எடுப்போம்.

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனை, அதாவது தண்ணீருக்குள் எழும் அந்த ஓசையை, கேட்கப் போனவர்களுக்குத் தெரியும். நிலவு நாளில், காற்று விழுந்த நேரத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை ஒட்டவைக்க வேண்டும். முதன்முறை போனபோது நான் தோணியில் சும்மா இருந்து காது கொடுத்தேன். தண்ணீர் பலகையில் தட்டுவதைத் தவிர ஒன்றும் இல்லை. தோணிக்கார ஐயா சிரித்துவிட்டு, "காத்தில தேடாத மனே, கம்பில தேடு" என்றார். துடுப்பு நுனியில் காதை வைத்தேன். ஈரக் கண்ணாடிக் குவளையின் விளிம்பை விரலால் தேய்ப்பதுபோல ஒரு நீண்ட மெல்லிய ஓசை, அதற்குள் இன்னொன்று. காதை எடுத்தால் இல்லை. வைத்தால் இருக்கிறது. 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டும் தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெரிதானதாக எழுதியிருக்கிறார்.

ஏன்? வீட்டுக்கு வந்து கணிப்புக் கொப்பியைத் திறங்கள். ஒரு பொருளின் அடர்த்தியை அதில் ஒலி போகும் கதியால் பெருக்குங்கள். தண்ணீருக்கு 1000 தர 1500, ஆகவே 15 இலட்சம். காற்றுக்கு 1.2 தர 340, ஏறக்குறைய 410. இந்த இரண்டு எண்ணும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ, அவ்வளவுக்கு ஒலி எல்லையில் முட்டித் திரும்பிவிடும். கடந்துபோகும் சக்தியின் பங்கு, இரண்டு எண்ணின் பெருக்கத்தின் நான்கு மடங்கை அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. போட்டுப் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு வருகிறது. மரத்துக்கு, நார் ஓடும் திசையில், அடர்த்தி 650, கதி 4000 என்று வைத்தால் 26 இலட்சம். தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கடக்கும் பங்கு 90 வீதத்துக்கு மேல். துடுப்பு மெல்லியது, அலை அதைவிட நீளமானது என்பதால் உண்மை இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் "ஆயிரத்தில் ஒன்று" என்பதற்கும் "நூற்றுக்குத் தொண்ணூறு" என்பதற்கும் இடையிலுள்ள பெருந்தூரம் அந்தச் சிக்கலால் அழிந்துபோகாது.

இப்போது சொல் கொப்பி. இந்த எண்களைத் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது? நான் மூன்று இரவு தடுமாறினேன். கதவு என்று எழுதினேன், மதில் என்று எழுதினேன், எல்லாவற்றையும் வெட்டினேன். நாலாம் நாள் அயல்வீட்டுப் பிள்ளைகள் கரம் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. காயால் இன்னொரு காயை நேரே அடித்தால், அடித்தது நின்றுவிடும், அடிபட்டது முழு ஓட்டத்தையும் வாங்கிக்கொண்டு ஓடும். அதே காயால் ஒரு சட்டைப் பொத்தானை அடித்தால் பொத்தான் பறக்கும், ஆனால் காய் தன் ஓட்டத்தை இழக்காமல் போய்க்கொண்டே இருக்கும். பாரம் ஒத்தவை கொடுத்து வாங்கும். ஒவ்வாதவை கொடுக்காது. தண்ணீரும் மரமும் காயும் காயும். தண்ணீரும் காற்றும் காயும் பொத்தானும்.

எழுதிவிட்டுச் சந்தேகம் வந்தது, இது வெறும் அலங்காரமா என்று. மறுபடி கணிப்புக் கொப்பிக்குப் போய், நேர் மோதலில் அடிபட்டதுக்கு எத்தனை பங்கு சக்தி போகிறது என்று உந்தக் காப்பிலிருந்தும் சக்திக் காப்பிலிருந்தும் எடுத்தேன். இரண்டு திணிவின் பெருக்கத்தின் நான்கு மடங்கு, வகுத்தல் கூட்டுத்தொகையின் வர்க்கம். அதே சூத்திரம்! ஒலியின் கணக்கும் கரம் காயின் கணக்கும் ஒன்று. எந்தப் புத்தகத்தையும் பார்த்து இதை அறியவில்லை. ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்தப் பாடுபட்டதால் கண்டேன். வேறு வேறாய்த் தெரியும் இரண்டு காரியத்தின் அடியில் ஒரே கணிதம் இருப்பதைக் காண்பது கோட்பாட்டுக்காரர் நாள் முழுக்கச் செய்யும் வேலை. அதனால்தான் எழுத்தைப் பிற்போடாதீர்கள் என்கிறேன். ஒரு கொப்பி மற்றதற்குப் படிப்பிக்கும்.

படி 3: உயர்தரமும் அதற்குப் பின்னான வெற்று மாதங்களும்

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இந்த வழிக்கு இணைந்த கணிதம்தான் முதுகெலும்பு. வகையீடு, தொகையீடு, காவி, சிக்கலெண் நான்கிலும் கை ஓடவேண்டும். கடந்தகால வினாத்தாள் செய்வது புள்ளிக்கு வேண்டும், செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரு கேள்வியை எடுத்து, அதன் நிபந்தனையில் ஒன்றை மாற்றி மறுபடி செய்யுங்கள். சாய்தளத்தில் உராய்வு இல்லை என்றால் உராய்வைப் போடுங்கள். கயிறு பாரமற்றது என்றால் பாரம் கொடுங்கள். விடைத்தாளில் இல்லாத விடையை நம்பப் பழகும் இடம் அதுதான்.

பரீட்சை முடிந்து கம்பஸ் தொடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டி வரும். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் கணிதம் அந்தக் காலத்தில் துருப்பிடித்துப் போனதைக் கண்டிருக்கிறேன். கடையில் நிற்பதோ சின்ன வகுப்புக்குப் படிப்பிப்பதோ தப்பில்லை, காசும் வேண்டும். நாளுக்கு இரண்டு மணித்தியாலத்தை மட்டும் ஒதுக்குங்கள். ரிச்சர்ட் ஃபைன்மனின் பௌதிகவியல் விரிவுரைகள் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்களில் வினாத்தொகுதியும் விடையும் சேர்ந்தே இருக்கின்றன. காணொளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டேட்டா முடியும், கணிதம் வராது. வினாத்தொகுதியைத் தரவிறக்கி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கையால் செய்யுங்கள். பைதன் மொழியில் சின்னச் சின்ன நிரல் எழுதவும் இந்தக் காலத்தில் பழகிவிடலாம். இன்றைய கோட்பாட்டுக்காரருக்கு அது பென்சிலைப்போல ஆகிவிட்டது.

விண்ணப்பக் காலத்தில் ஒன்று கவனியுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பௌதிக விஞ்ஞானம் என்ற பாடநெறியைத் தேடுங்கள். விஞ்ஞானப் பாடநெறிகளுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பொறியியலுக்குப் புள்ளி காணாததால் பௌதிக விஞ்ஞானத்துக்கு வருகிறவர்களும் உண்டு, விரும்பி அதையே முதலாவதாகப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையாக இருந்தால் வீட்டில் கொஞ்சம் கண்ணீர் வரும். பொறுமையாகப் பேசுங்கள்.

படி 4: கம்பஸில்

கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். வீட்டுச் சோற்றோடு படிக்கலாம். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பும் உண்டு. எங்கே போனாலும் இலக்கு ஒன்றுதான்: நான்கு வருசச் சிறப்புப் பட்டம். அதற்கான தெரிவை ஆரம்ப வருசப் பெறுபேறுகள் தீர்மானிக்கும் என்பதால், "முதல் வருசம் ஓய்வு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நான்கு தூண்கள் உண்டு: பொறியியல் (இங்கே இஞ்சினியரிங் அல்ல, விசையும் இயக்கமும் பற்றிய பாடம்), மின்காந்தவியல், குவாண்டம் பொறியியல், புள்ளியியற் பௌதிகவியல். கணிதப் பக்கத்தில் ஏகபரிமாண அட்சரகணிதமும் வகையீட்டுச் சமன்பாடும் சிக்கல்மாறிச் சார்புகளும். இவை உறுதியாகாமல் கருந்துளைக்கும் இழைக் கோட்பாட்டுக்கும் ஓடினால், சொற்கள் மட்டும் தெரிந்தவராக நின்றுவிடுவீர்கள்.

என் பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். இரண்டாம் வருசத்தில் நிறுவல்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன். பரீட்சையிலும் நல்ல புள்ளி. ஒருநாள் நண்பன் ஒருவன் அலைச் சமன்பாட்டில் ஓர் எல்லை நிபந்தனையை மட்டும் மாற்றித் தந்தான். ஒரு மணித்தியாலம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மூன்று பேர் சேர்ந்து கிழமைக்கொரு பின்னேரம் கரும்பலகை வகுப்பு வைத்தோம். ஒருவர் பலகையில் நிறுவுவார், மற்ற இருவரும் "ஏன்?" என்று மட்டும் கேட்கலாம். அந்த இரண்டு வருசத்தில் கற்றதுதான் இன்றும் என் கையில் இருக்கிறது.

இறுதி வருச ஆய்வுத்திட்டத்தில் கருவி வேலையைவிடக் கணிப்பு வேலையைக் கேட்டு வாங்குங்கள், சிறியதானாலும் பரவாயில்லை. 1991 இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் உலகின் கோட்பாட்டுக் கட்டுரைகளில் பெரும்பகுதி காசில்லாமல் கிடைக்கிறது. செங்கலடியில் இருப்பவருக்கும் கேம்பிரிட்ஜில் இருப்பவருக்கும் ஒரே நாளில் ஒரே கட்டுரை. ஒரு பழைய கட்டுரையை எடுத்து, அதன் ஒவ்வொரு வரியையும் நீங்களே மறுபடி கணித்துப் பாருங்கள். முதல் கட்டுரைக்கு இரண்டு மாதம் போகும். போகட்டும்.

படி 5: ஆங்கிலம்

தமிழ் மொழிமூலத்தில் ஏ.எல். எழுதி வந்தவருக்கு முதல் ஆறு மாதம் விரிவுரை மழையாகக் கொட்டும், பாத்திரம் நிறையாது. விரிவுரைக்கு முதல்நாள் அந்தப் பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வாசித்துவிட்டுப் போங்கள். அவ்வளவே போதும், மூன்றாம் தவணையில் சரியாகிவிடும். ஆங்கிலம் தெரியாததால் பௌதிகவியல் தெரியாது என்று நினைத்து ஒதுங்கிய பிள்ளைகளை எண்ணினால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

படி 6: கடல் கடக்க வேண்டிய கட்டம்

கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளியே போகவேண்டி வரும். இந்தத் தீவிலிருந்து முன்னரும் போயிருக்கிறார்கள். சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ந்து, கதிர்வீசும் இலத்திரனின் இயக்கம் பற்றிய முக்கியமான முடிவைக் கண்டவர். திரும்பிவந்து கொழும்பில் பேராசிரியராக இருந்தவர்.

நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டும் வாசல் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம். அதை 1964 இல் தொடங்கிய அப்துஸ் சலாம் பாகிஸ்தானின் ஜாங் ஊர்க்காரர். கேம்பிரிட்ஜில் படித்து 1951 இல் லாகூருக்குத் திரும்பியவர், ஆராய்ச்சி பேச ஆளில்லாமல் தவித்து 1954 இல் மறுபடி வெளியேறினார். ஊரா ஆராய்ச்சியா என்ற அந்தத் தவிப்பு மற்றவர்களுக்கு வரக்கூடாது என்றுதான் மையத்தையே கட்டினார். 1979 இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே வளர்முக நாட்டு மாணவர்களுக்காக ஒரு வருச முதுநிலை டிப்ளோமா இருக்கிறது. கட்டணம் இல்லை, செலவுக்குப் பணமும் தருகிறார்கள். பட்டத்துக்கும் கலாநிதிப் படிப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கடக்க இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியாது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 1962 இலிருந்து கோட்பாட்டு ஆய்வுக்கென்றே இருக்கிறது. கனடா வாட்டர்லூவிலுள்ள பெரிமீட்டர் நிறுவனத்திலும் ஒரு வருச முதுமாணி உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பௌதிகவியல் கலாநிதி மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, படிப்பிப்பதற்குச் சம்பளமும் தருகின்றன. விண்ணப்ப முடிவுநாள் அதிகமாக மார்கழி, தைக்குள் வந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் விலக்குக் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். கேட்பது வெட்கமில்லை, பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் பிள்ளைகள் தவறுமிடம் சிபாரிசுக் கடிதம். பெரிய பதவிக்காரரின் கையெழுத்தைத் தேடி அலைவார்கள். உங்கள் பெயரையே மறந்த பேராசிரியரின் நான்கு வரியைவிட, நீங்கள் பலகையில் திணறியதையும் பிறகு எழும்பியதையும் பார்த்த இளம் விரிவுரையாளரின் இரண்டு பக்கம் பெறுமதியானது. ஒரு மாதம் முன்னே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் கணிப்புக் கொப்பியின் நல்ல பக்கங்களின் பிரதியையும் கொடுங்கள்.

படி 7: சொற்களைச் சேர்த்து வையுங்கள்

சொல் கொப்பியின் கடைசி 30 பக்கத்தைக் கலைச்சொல்லுக்கு ஒதுக்குங்கள். நம் பக்கத்திலிருந்து தமிழில் விஞ்ஞானம் எழுத வருகிறவருக்கு வேறு எவருக்கும் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பள்ளியில் படித்த தமிழும் தமிழ்நாட்டுப் பிள்ளை படித்த தமிழும் வேறு. அவர்களுக்கு எலக்ட்ரான், நமக்கு இலத்திரன். அவர்களுக்கு முடுக்கம், நமக்கு ஆர்முடுகல். அவர்களுக்கு அணி, நமக்குத் தாயம். இவற்றால் பெரிய மோசமில்லை. தெரியாத சொல் என்று வாசகர் நின்று கவனிப்பார். ஒரே சொல் வேறு பொருளில் வரும்போதுதான் ஆபத்து.

"சந்திரனில் உங்கள் நிறை ஆறில் ஒன்றாகிவிடும்" என்று ஒருமுறை எழுதினேன். இங்கே அது முழுக்கச் சரி. நமக்குத் திணிவு மாறாதது, நிறை என்பது புவியோ சந்திரனோ இழுக்கும் விசை. தமிழ்நாட்டு வாசகர் ஒருவர், "இவ்வளவு அடிப்படையான பிழையா?" என்று வருத்தத்தோடு எழுதினார். அவர் படித்த பாடநூலில் மாறாததன் பெயரே நிறை. இழுக்கும் விசைக்கு எடை. அவரும் சரி, நானும் சரி, வசனம் மட்டும் கடலைக் கடக்கையில் பொய்யாகிவிட்டது. வேகமும் அப்படித்தான். நமக்குத் திசையில்லாதது கதி, திசையோடு வந்தால் வேகம். அங்கே திசையில்லாதது வேகம், திசையோடு வந்தால் திசைவேகம்.

நான் இப்போது செய்வது இது. என் ஊர்ச் சொல்லையே எழுதுவேன், அதை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் முதலில் வரும் இடத்தில் ஒரு வசனத்தில் பொருளைச் சொல்லிவிடுவேன்: "திணிவு, அதாவது பொருளில் அடங்கிய சடத்தின் அளவு, சந்திரனுக்குப் போனாலும் மாறாது." கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். நம் பாடநூற் சொல், தமிழ்நாட்டுச் சொல், வயலிலும் வாவியிலும் சனம் சொல்லும் சொல். மூன்றாவது நிரல்தான் பொக்கிசம். அதை நிரப்ப எந்த அகராதியும் உதவாது, கேட்டுத்தான் நிரப்பவேண்டும். பழைய தமிழ்மொழிப் பாடநூல்களும் சஞ்சிகைகளும் நூலகம் என்ற இணையத் தொகுப்பில் கிடைக்கின்றன, அவற்றையும் தோண்டுங்கள்.

இந்த வேலைக்கு நம் மண்ணில் முன்னோர் உண்டு. 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரைத் தமிழ்ப் பேராசிரியராகவே பலருக்குத் தெரியும். அவர் முதலில் விஞ்ஞான ஆசிரியர். 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1930களில் தமிழ்க் கலைச்சொல்லாக்க வேலையிலும் பங்கெடுத்தார். 1947 இல் வந்த அவருடைய யாழ் நூலைத் திறந்து பாருங்கள், பழந்தமிழ் இசையின் சுரங்கள் எண்ணும் விகிதமுமாக நிற்கும். கணிப்புக் கொப்பியும் சொல் கொப்பியும் ஒருவர் கையில் சேர்ந்தால் என்ன வரும் என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டியதில்லை.

படி 8: வெளியே அனுப்புங்கள்

சொல் கொப்பியில் 20 பக்கம் சேர்ந்ததும் ஒன்றைத் தெரிந்து 600 சொல்லுக்கு விரியுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி. "பிரபஞ்சத்தின் இரகசியம்" என்று தொடங்காதீர்கள். வாசகருக்கு ஏற்கெனவே இருக்கும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். நம் கரையில் அப்படியொரு கேள்வி 2004 மார்கழி 26 இலிருந்து இருக்கிறது: சுமாத்திராப் பக்கம் நிலம் அதிர்ந்தபின் நமக்கு எவ்வளவு நேரம் இருந்தது? ஆழ்கடலில் சுனாமி அலையின் கதி, ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். 4000 மீற்றர் ஆழத்துக்குச் செக்கனுக்கு 200 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். 1500 கிலோமீற்றர் தூரத்துக்கு இரண்டு மணித்தியாலமளவு. இந்த எண்ணை அறியும் உரிமை நாவலடியிலும் கல்முனையிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உண்டு. இதை எழுதும்போது அழகுக்கு ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள்.

ஹோக்கிங் தன் நூலில், சேர்க்கும் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று தனக்கு ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறார். சக்தியையும் திணிவையும் இணைக்கும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். நான் அவ்வளவு கறார் இல்லை. எண் இருக்கட்டும், வாசகர் தாமே பெருக்கிப் பார்க்கக்கூடிய எண்ணாக இருக்கட்டும். ஆங்கிலக் கட்டுரையை வரிவரியாகப் பெயர்த்து அனுப்பும் பழக்கத்தை மட்டும் தொடங்கவே வேண்டாம். வாசித்து, மூடிவைத்து, இரண்டு நாள் கழித்துச் சொந்தமாக எழுதுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பௌதிகவியல் பக்கங்களைத் திருத்திப் பழகலாம். ஆதாரம் இல்லாமல் ஒரு வசனமும் எழுதக்கூடாது என்ற ஒழுக்கம் அங்கே கைவரும். பத்திரிகைகளின் வார இதழ்களுக்கும் பாடசாலை மலர்களுக்கும் அனுப்புங்கள். பதில் வராது, மறுபடி அனுப்புங்கள்.

அனுப்புமுன் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டவேண்டும். ஒருவர் பௌதிகவியல் தெரிந்தவர், பிழை பிடிக்க. மற்றவர் அந்தப் பொருளோடு நாளெல்லாம் பழகுகிறவர், ஆனால் பௌதிகவியல் படிக்காதவர்.

துடுப்பும் கரம் காயும் கட்டுரையை நான் அந்தத் தோணிக்கார ஐயாவுக்கு வாசித்தேன். வாவிக்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கை நிற்காமல் முழுவதையும் கேட்டார். பொத்தான் வந்த இடத்தில் தலையாட்டினார். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: "தண்ணியும் அதே தண்ணி, துடுப்பும் அதே துடுப்பு, நீ சொன்ன கணக்கும் மாறல்ல. அப்ப மாரியில ஏன் மனே கேக்குதில்ல?"

மழைத் தண்ணீர் வந்து சேர்ந்தால் உப்புக் குறையும் என்று தொடங்கினேன். சொல்லும்போதே மனதுக்குள் கணக்கு ஓடியது. உப்புக் குறைந்தால் தண்ணீரில் ஒலியின் கதி இரண்டு மூன்று வீதம்தான் மாறும். அடர்த்தியும் அவ்வளவுதான். அது ஓர் ஓசையை அடக்கப் போதாது. வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணிப்புக் கொப்பியில் புதுப் பக்கம் திறந்து, தலைப்பில் அவருடைய கேள்வியை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினேன்.